முப்பது ஒட்டுக்கன்றும் ஒரு சட்டிக் கஞ்சியும்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை மணவூர் ஸ்டேஷன் பெஞ்சில் ரயிலுக்குக் காத்திருந்த ஒருவர் சொல்லக் கேட்டேன் என்று இதுவரை மூன்று பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். மணவூர் ஸ்டேஷனில் எனக்கு ஒருநாளும் பெஞ்சில் இடம் கிடைத்ததில்லை. மூட்டைமேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். கதை உண்மையில் எப்படிக் கிடைத்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. போகப்போகச் சொல்கிறேன். அதுவரை யாரோ எவனோ எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம்தான் கஷ்டம். மூட்டை தூக்குவதிலும் அப்படித்தான். தரையிலிருந்து எத்தித் தூக்கும்போதுதான் இடுப்பைப் பிடிக்கும். தோளில் ஏறிவிட்டால் கால் தானாக நடக்கும். இதுவரை நான் எத்திப் பார்த்தவை இவை:

"திருத்தணி மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளும் வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து—"

(வேண்டாம். இந்தக் கதையில் ஒருவரும் படி ஏறப்போவதில்லை. ஏறாத படியை எண்ணி என்ன பயன்?)

"இலைக்கு வாய் உண்டு. அந்த வாயானது—"

(இதுவும் வேண்டாம். 'ஆனது' வந்தாலே பிரம்பு வருகிற மாதிரி இருக்கிறது.)

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி மாதத்தில், வீரபத்திரன் தன் முப்பது மாங்கன்றுகளுக்கும் கஞ்சி பூசினான்."

ஆங். இது தேவலை. யாராவது "ஏன்யா?" என்று கேட்பார்கள். கேட்டால் மேலே எழுதலாம்.

2

வீரபத்திரன் பள்ளிப்பட்டுக்காரன், நெசவுக் குடும்பம். வீட்டில் தறி இரண்டு, அண்ணன் தம்பி மூன்று. மூன்றாவது ஆளான அவன் திருத்தணிக்கு வந்து, அரக்கோணம் சாலையில் ஜெகநாதன் என்பவர் வைத்திருந்த செடிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான். மண் சுமக்க வந்தவன் ஆறே மாதத்தில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டக் கற்றுக்கொண்டான். அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய விரல்கள். கொட்டையிலிருந்து முளைத்த செடியின் தண்டையும் பங்கனப்பள்ளித் தாய்மரத்தின் கிளையையும் சீவிச் சேர்த்துக் கட்டினால், எங்கே முடிந்தது எங்கே தொடங்கியது என்று தடவிப் பார்த்தாலும் தெரியாது.

பண்ணைக்குத் தேறாது என்று ஒதுக்கிய உடைந்த சட்டிகளில் தனக்கென்று முப்பது கன்று கட்டிக்கொள்ள ஜெகநாதன் சம்மதித்திருந்தார். "சட்டி உனக்கு, மண்ணு உனக்கு. தண்ணி மட்டும் கேக்காத" என்று சொல்லித்தான் சம்மதித்தார்.

அந்த முப்பது கன்றும் எதற்கு? இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கதையே இதன்மேல்தான் நிற்கிறது. வீரபத்திரனின் மனைவி சந்திராவின் பிறந்த வீட்டுக்கு ஆர்.கே.பேட்டை பக்கம் அரை ஏக்கர் மேட்டு நிலம் இருந்தது. அதைப் பிடித்து வைத்திருந்தவர் சந்திராவின் அண்ணன் நாகேந்திரன். வீரபத்திரன் கேட்டுக் கேட்டு, தங்கை அழுது அழுது, கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொன்னார்:

"இங்க பாரு வீரா. ஆடிக் கிருத்திகைக்குள்ள முப்பது கன்னு நட்டுட்டீன்னா நெலம் உங்களுது. நடலன்னா செங்கல் சூளக்காரனுக்கு உட்டுருவேன். அவன் இப்பவே வந்து மண்ண மோந்து பாத்துட்டுப் போறான்."

"சூளைக்கு உட்டா அப்பறம் நெலம் எங்க பாவா? பள்ளந்தான் மிஞ்சும்."

"பள்ளத்துல மழ பேஞ்சா மீனு வளத்துக்கோ."

(நாகேந்திரனை முதல் பிரதியில் மீசை முறுக்குகிற கெட்டவனாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்ததில் அவருக்கு மீசையே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. கெட்டவரும் இல்லை. தான் சொன்ன சொல்லைத் தவிர வேறெதையும் நம்பாதவர், அவ்வளவுதான்.)

அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. பண்ணைக் கிணற்றில் வாளியை விட்டால் சேறு வந்தது. தெருக் குழாயில் சந்திராவுக்கு நாளுக்கு நான்கு குடம் கிடைக்கும். அதில் ஒன்று கன்றுகளுக்குப் போயிற்று. முப்பது சட்டிக்கு ஒரு குடம் என்றால் சட்டிக்கு இரண்டு டம்ளர். காலையில் ஊற்றினால் சாயந்தரம் மண் வெடித்திருக்கும்.

"கன்னு தலைல ஊத்தற தண்ணிய எந்தலைல ஊத்துனா நானாவது தழைப்பேன்" என்பாள் சந்திரா. ஆனாலும் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் சொல்வாள்.

இன்னொரு முறை ஒட்டுக் கட்ட நேரமில்லை. ஒட்டுச் சேர மூன்று மாதம் ஆகும். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

3

இப்போது பத்மா. பத்மாவை எழுதுவதில் எனக்குப் பெரிய தடுமாற்றம். சென்னைக் காலேஜில் செடிகளைப் பற்றிப் பெரிய படிப்புப் படிக்கிற பெண் என்றதும் என் கை தானாக ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டது. பிறகு அதைக் கழற்றினேன். ஜெகநாதனின் அக்காள் மகள் அவள். மாங்காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்றுகொண்டே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். மைக்ராஸ்கோப்பில் உப்பு ஒட்டியிருக்கும்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் இலைகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வந்திருந்தாள். மாவிலையின் அடிப்பக்கத்தில் பெண்கள் நகத்துக்குப் பூசுகிற, நிறமில்லாத பூச்சைப் பூசுவாள். காய்ந்ததும் தோல்போல உரித்தெடுத்துக் கண்ணாடியில் வைத்துப் பார்ப்பாள்.

முதல்நாள் இதைப் பார்த்த வீரபத்திரன் கேட்டான்: "எலைக்கு நகம் எங்க பாப்பா கீது?"

"நகம் இல்லண்ணா. வாய் இருக்கு. வாயோட அச்சு எடுக்கறேன்."

"வாய்க்குப் பூசறது வேறயாச்சே. எங்க தெருவுல கல்யாணப் பொண்ணுங்க செவப்பா பூசுதுங்க."

அவள் சிரித்துச் சிரித்துப் பூச்சுப் புட்டியைக் கொட்டிவிட்டாள்.

மைக்ராஸ்கோப்பின்மேல் வெயில் விழாமல் இருக்க ஒரு கூலியாள் குடை பிடித்துக்கொண்டு நிற்பான். ஒருநாள் அவன் கேட்டானென்று அவனுக்கும் காட்டினாள். கண்ணாடித் தரையில் ஆயிரம் பொட்டு வைத்தாற்போல் இருந்தது. ஒவ்வொரு பொட்டும் இரண்டு சிறு உதடுகள், எதிரெதிரே வளைந்து, இப்படி: ( ). நடுவில் ஒரு கீறல்.

(எனக்கு அடைப்புக்குறிமேல் ஆசை வந்தது இப்படித்தான். மூச்சு முட்டும்போது ஒன்றைத் திறந்துகொள்கிறேன். எழுதத் தெரிந்தவர்கள் இவ்வளவு திறக்கமாட்டார்கள் என்று கேள்வி.)

பத்மா விளக்கினாள்: "இந்த ரெண்டு உதடும் தண்ணி குடிச்சா உப்பும். உப்பினா வளையும், நடுவுல வாய் தெறக்கும். அது வழியாத்தான் இலையில இருக்கிற ஈரம் ஆவியா வெளியே போகுது. வேர்ல தண்ணி பத்தலன்னா உதடு தொவண்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். வாய் மூடிடும். மூடிட்டா தண்ணி போகாது. ஆனா—"

இந்த இடத்தில் டீ வந்துவிட்டது.

4

டீக்காரன் பங்காருவின் சைக்கிள் மணி கேட்டதும் கூலியாள் குடையை மடக்கி மண்ணில் குத்திவிட்டு ஓடினான். (பங்காரு பதினோரு மணிக்கு ஒரே ஒரு தூக்கில் கொண்டுவருவான். கடைசியில் போகிறவனுக்கு அடியில் தங்கின கசண்டுதான். இதைத் தெரியாதவர்கள் அவனைக் குறை சொல்லலாம்.)

வேப்ப மரத்தடியில் வீரபத்திரன் பக்கத்தில் உட்கார்ந்து கூலியாள் சொன்னான்: "வீரா, எலைக்கு அடியில வாய் கீதாம். அத்த மூடிட்டா தண்ணி வெளிய போவாதாம். பாப்பா சொல்லிச்சி. நானே கண்ணால பாத்தேன்."

"எத்தினி வாய்?"

"ஒரு எலைக்கே லச்சக் கணக்குல."

"லச்சம் வாய எவன்யா மூடறது? எங்க வூட்ல ஒரு வாய மூட முடியல."

சிரித்துவிட்டு டம்ளரை வாயருகே கொண்டுபோனான். டீயின்மேல் ஆடை படிந்திருந்தது. ஊதி ஒதுக்கப்போனவன் ஊதவில்லை. ஆடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குள் என்ன ஓடியது என்பதைப் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கிழித்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: விடிகாலையில் தறிக்காகத் தெரு நெடுக நீட்டிக் கட்டிய பாவு நூல். கஞ்சி காணாத பச்சை நூல் என்றால் உடம்பெல்லாம் முடி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதன்மேல் அரிசிக் கஞ்சியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, பெரிய பிரஷால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துக்கொண்டு போனால் முடியெல்லாம் படுக்கும், ஓட்டையெல்லாம் அடையும். காய்ந்த பிறகு அந்த நூலில் தண்ணீர் தெளித்தால் சட்டென்று உள்ளே இறங்காது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்தது இது. லட்சம் ஓட்டையை ஒரே இழுப்பில் அடைப்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாமல் இருக்கலாம். அவன் தெருவில் சின்னப் பையனுக்கும் தெரியும்.

(ஒரு குடியானவனாக இருந்தால் சட்டி மண்ணின்மேல் வைக்கோலைப் பரப்பியிருப்பான், கதை அங்கேயே முடிந்திருக்கும்.)

மறுநாள் பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறி அண்ணனிடம் பிரஷை வாங்கிவந்தான். சந்திரா ஒரு சட்டிக் கஞ்சி காய்ச்சினாள்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"மாங்கன்னுக்கு."

அவள் அடுப்பை ஒருமுறையும் புருஷனை ஒருமுறையும் பார்த்தாள். "எண்ண ஊத்தணுமா, உப்புப் போதுமா?" என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவளை இந்தக் கதையின் நாயகி ஆக்கலாமா என்று யோசித்திருக்கிறேன்.

இடது உள்ளங்கையை இலைக்கு மேலே வைத்து, அடிப்பக்கத்தில் பிரஷை ஓட்டினான். ஒவ்வோர் இலையாக, முப்பது கன்றும். காய்ந்தபோது இலைகள் புது வேட்டி மாதிரி மொடமொடவென்று நின்றன.

"இன்னா வீரா, கன்னுக்குக் கண்ணாலமா?" என்றான் பங்காரு. "இஸ்திரி போட்டு நிக்க வச்சிக்கினு கீற!"

ஆனால் மூன்றாம் நாள் யாரும் சிரிக்கவில்லை. காலையில் ஊற்றிய தண்ணீர் சாயந்தரமும் சட்டியில் ஈரமாக இருந்தது. வீரபத்திரன் மண்ணில் விரலை விட்டு எடுத்து, ஈரத்தை ஒவ்வொருவருக்கும் காட்டிக்கொண்டு போனான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாலே போதும் என்று ஆயிற்று. மிச்சமான குடத்தில் சந்திரா தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலோடு பண்ணைப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டுப் போனாள்.

5

அந்தக் கூலியாள் யார் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள்.

என் பெயர் சிவப்பிரகாசம். முதல் மூன்று பிரதியிலும் நான் இந்தக் கதைக்குள் இல்லை. ஒன்றில் குடையைக் காற்றே பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் பத்மாவே நேராக வீரபத்திரனிடம் சொன்னதாக எழுதி, பழியை அவள் தலையில் போட்டுவிட்டேன். எழுதி முடித்துத் தூங்கப் போனால் தூக்கம் வரவில்லை. முதுகுவலி என்று நினைத்தேன். முதுகுக்கு அன்று வேலையே இல்லை.

பத்மா "ஆனா" என்று சொன்னாள். அது என் காதில் விழுந்தது. ஒரு டம்ளர் டீக்காக அந்த ஆனாவை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.*

* டீயில் சர்க்கரையும் கம்மி.

6

எட்டாம் நாள் கன்றுகள் மஞ்சளடிக்கத் தொடங்கின. முதலில் இரண்டு, மறுநாள் ஒன்பது. துளிர் நுனி கருகியது. கஞ்சி வாசனைக்கு எறும்புகள் ரோடு போட்டு வந்தன. வீரபத்திரன் இன்னும் ஒரு குடம் ஊற்றினான். சட்டியில் தண்ணீர் நின்றது. இலை மஞ்சளாகவே இருந்தது.

ஊருக்குப் போயிருந்த பத்மா அன்றுதான் திரும்பினாள். ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள், நகத்தால் சுரண்டினாள், முகர்ந்தாள், நாக்கில் வைத்தாள்.

"கஞ்சியா?"

"ஆங், பாப்பா. அரிசிக் கஞ்சி."

சிரிக்க ஆரம்பித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "யாருண்ணா இப்படிச் செய்யச் சொன்னது?"

"நீதானாம். இதோ நிக்கறானே, இவன்தான் வந்து சொன்னான்."

"நான் சொன்னது பாதி. மீதியக் கேக்காம இவர் டீக்கு ஓடிட்டார்." பிறகு மெதுவாக, என்னைப் பார்க்காமல், அவனுக்கு மட்டும் சொன்னாள்: "அந்த வாய் வழியாத்தான் இலை காத்த எடுத்துக்கும். அந்தக் காத்துலதான் தனக்குச் சோறு ஆக்கிக்கும். தண்ணி வெளியே போற வாசலும் சாப்பாடு உள்ளே வர்ற வாசலும் ஒண்ணுதாண்ணா. தெறந்தா தாகம், மூடினா பசி. அதனால செடி நாள் முழுக்க யோசிச்சிக்கிட்டே இருக்கும். காலைல வெயில் ஏறறதுக்கு முன்னாடி தெறந்து நாலு வாய் சாப்பிடும். உச்சி வெயில்ல மூடிக்கும். நீங்க ஒரேயடியாத் தெச்சிட்டீங்க."

வீரபத்திரன் ஓர் இலையைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் கஞ்சியைச் சுரண்டினான். "தண்ணி ஊத்தி ஊத்திப் பட்டினி போட்டிருக்கேன்" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "டீ நல்லா இருந்துச்சா பிரகாசம்?" என்றான். வைதிருந்தால் தேவலை.

அந்த நேரம் பார்த்துத்தான் நாகேந்திரன் சைக்கிளை நிறுத்த வேண்டுமா? (கதைக்காக வரவழைத்தேன் என்று நினைக்காதீர்கள். உண்மையாகவே வந்தார்.)

"இன்னா வீரா, மாங்கன்னுன்னு சொன்ன, மஞ்சக் கன்னா கீது? சூளக்காரன வரச் சொல்லிடட்டா?"

"ஆடிக் கிருத்திகைன்னு நீதான பாவா சொன்ன?"

"உசுரோட கீற கன்னுக்குச் சொன்னேன். இது செத்துப்போச்சி."

பத்மா எழுந்தாள். "சாகல. இலை மஞ்சளானாலும் உள்ளே உயிர் இருக்கும். கஞ்சியக் கழுவிட்டு, நாளைக்குக் காலைல இலை மூச்சு விடறத நான் காட்டறேன்."

"எலை மூச்சு உடறத நீ காட்டுவியா?"

"காட்டறேன்."

நாகேந்திரன் கொஞ்சம் யோசித்தார். "சரி. நாளைக்கு வர்றேன். மூச்சு உட்டுதுன்னா ஆடிக் கிருத்திகை வரைக்கும் வாயத் தொறக்கமாட்டேன். உடலன்னா நெலம் சூளைக்கு. அப்பறம் தங்கச்சி வந்து அழக்கூடாது."

7

அவர் போன பிறகுதான் தெரிந்தது, கழுவத் தண்ணீர் இல்லை. அன்று குழாய் வரவில்லை. வீட்டில் இருந்தது இரண்டே குடம், இரண்டு நாளைக்குக் குடிக்க. எண்ணெய்க் கஞ்சியை இலை இலையாக ஊறவைத்துக் கழுவ இரண்டு குடமும் வேண்டும்.

இந்த இடத்தில் நான் ஒரு வாரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரத்தில் செய்த முடிவுகள் இங்கே கிடக்கின்றன. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்.

ஆட்டு முடிவு: பக்கத்து வீட்டு ஆடு வந்து கஞ்சியை நக்கி நக்கி எல்லா இலையையும் சுத்தம் செய்துவிடுகிறது. (ஆடு நக்குவதோடு நிறுத்தும் என்று நம்புகிறவர்களுக்காக.)

மழை முடிவு: திடீரென்று வானம் இருண்டு— (நான் எழுதிய எந்த மழையும் ஒரு சட்டியைக்கூட நனைத்ததில்லை.)

கத்தரி முடிவு: இது நடந்தது. பாதி இலைகளைக் கத்தரித்துவிட்டால் மீதியைக் கழுவ ஒரு குடம் போதும் என்று பத்மா சொன்னாள். பண்ணையில் அப்படிச் செய்வதுண்டு, வீரபத்திரனுக்கும் தெரியும். கத்தரியை எடுத்து முதல் கன்றின் முதல் இலைக்குக் கொண்டுபோனான். கத்தரி திறந்தது. மூடவில்லை. "கஞ்சி பூசுனதும் நானு, வெட்றதும் நானா?" என்று கீழே வைத்துவிட்டான்.

மூன்று பேரும் சட்டிகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடத்தோடு சந்திரா வந்தாள். பங்காரு சொல்லியிருக்கிறான்.

"இன்னா, எழவு வூட்ல ஒக்காந்தாப்பல ஒக்காந்துக்கினு கீறீங்க?"

"கழுவிட்டா குடிக்கத் தண்ணி இல்ல சந்திரா. கன்னுக்கும் ஊத்த இல்ல."

"கன்னுக்கு ஏன் இல்ல? சட்டிக்கு மேலயே வச்சிக் கழுவினா வழியற தண்ணி எங்க போவும்? ஆகாசத்துக்கா போவும்? வேருக்குத்தான போவும். ரெண்டு நாளைக்கு ஊத்தறத இன்னிக்கே ஊத்துனதா வச்சிக்க. நமக்குக் குடிக்க எதுத்த வூட்ல ஒரு சொம்பு தரமாட்டாங்களா? பெரிய படிப்புப் படிச்ச பொண்ணு ஒருத்தி, ஒட்டுக் கட்றவரு ஒருத்தரு, டீ குடிக்கிறவன் ஒருத்தன். மூணு பேரு மூள!"

பத்மா எழுந்து அவள் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டாள்.

பழைய வேட்டியைக் கிழித்து நான்கு துண்டாக்கினோம். முதலில் நனைத்து ஊறவிட்டு, பிறகு காம்பிலிருந்து நுனிக்கு ஒரே இழுப்பு, வழிவது சட்டிக்குள். வீரபத்திரன் பாவுக்குக் கஞ்சி இழுக்கிறவன்போல வேகமாகப் போனான். நான் ஒவ்வோர் இலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, பத்மாவிடம் காட்டி, "போதுமா? வேற ஏதாவது ஆனா கீதா?" என்று கேட்டுக்கொண்டே கழுவினேன். பொழுது சாயும்போது குடங்கள் காலி. முப்பது கன்றும் தலைகுளித்த பிள்ளைகள்போல் சொட்டிக்கொண்டு நின்றன.

8

மூன்று வருஷம் கழித்து, எனக்கு எழுத்துக் கூட்டி எழுத வந்த பிறகு, இந்தக் கதையை எழுதப்போகிறேன் என்று வீரபத்திரனிடம் சொன்னேன்.

"முடிவ எழுதாத" என்றான்.

"ஏன்யா?"

"பொழச்சிச்சின்னு எழுதுனா நாளைக்கே ஆர்.கே.பேட்டை பூரா மாமரத்துக்குக் கஞ்சி பூசுவான். செத்துச்சின்னு எழுதுனா எம்பேரன் காலம் வரைக்கும் எங்க வூட்டக் கஞ்சிக்காரன் வூடுன்னுவான். ரெண்டும் வாணாம்."

"அப்ப நான் எப்படித்தான் முடிக்கிறது?"

"பாதி சொல்றதுல நீ கெட்டிக்காரனாச்சே."

சரி. மறுநாள் காலையில் நடந்ததை, அவன் அனுமதித்த மட்டும் எழுதுகிறேன்.

வெயில் ஏறவில்லை. நாகேந்திரன் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். பத்மா ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். உள்ளே நகத்தளவு தாள் துண்டுகள், ஏதோ மருந்தில் தோய்த்தவை. ஈரம் பட்டால் ரோஸ் நிறமாகும், ஈரமில்லாவிட்டால் நீலம் என்றாள். டப்பாவுக்குள்ளேயே லேசாக ரோஸ் அடித்திருந்தது. சந்திரா கொண்டுவந்த தோசைக்கல்லைச் சுள்ளி மூட்டிச் சூடாக்கி, அதன்மேல் ஒரு தாளை வைத்தாள். எங்கள் கண்ணெதிரிலேயே அது மயில் கழுத்து நீலத்துக்கு மாறியது. நாகேந்திரன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எந்தக் கன்னுக்கு?" என்று பத்மா கேட்டாள்.

நல்லதாக ஒன்றைக் காட்டுவான் என்று நினைத்தேன். வீரபத்திரன் நாகேந்திரனைப் பார்த்து, "நீயே சொல்லு பாவா" என்றான். அவர் விரல் நேராக, எல்லாவற்றிலும் மஞ்சளான கன்றுக்குப் போயிற்று.

பத்மா அதன் இலையைத் துணியால் ஒற்றிக் காயவைத்து, தாளைக் கிடுக்கியால் எடுத்து அடிப்பக்கத்தில் வைத்து, மேலும் கீழும் கண்ணாடித் துண்டு கொடுத்து, கிளிப் போட்டாள். "இலை மூச்சு விட்டா ஈரம் வரும். ஈரம் வந்தா ரோஸாகும். கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

எல்லோரும் குனிந்தோம். பங்காருவும் தூக்கை வைத்துவிட்டுக் குனிந்தான்.

"ஐயோ, தள்ளுங்க! கண்ணாடி ஓரமா உங்க மூச்சு பட்டாலே செவந்துடும்."

நாகேந்திரன் நிமிர்ந்தார். "அப்ப செவந்துச்சின்னா, அது எலை மூச்சா, நம்ம மூச்சான்னு எப்படிம்மா தெரியும்?"

பத்மா கிளிப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். "அதுக்குத்தான் தள்ளி நிக்கச் சொல்றேன்" என்றாள்.

தள்ளி நின்றால் தெரியவில்லை. தெரிய வேண்டுமென்றால் குனிய வேண்டும். சந்திரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நாகேந்திரன் மூக்கைப் பிடித்துக்கொண்டார். வீரபத்திரன் தலைத்துண்டை அவிழ்த்து வாயையும் மூக்கையும் சேர்த்து இறுகக் கட்டிக்கொண்டு, மண்டி போட்டு, இலைக்கு அடியில் பார்த்தான். அவன் கண் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அது என்ன நிறமாயிற்று என்று எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்திருக்கிறேன், சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் இவ்வளவு தூரம் வந்து எங்களோடு குனிந்துவிட்டீர்கள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? எங்கள் தோள்களுக்கு நடுவிலுள்ள அந்தச் சந்து வழியாகப் பாருங்கள். மெதுவாக. சட்டியை இடித்துவிடாதீர்கள். நிறம் தெரிகிறதா? உரக்கச் சொல்லுமுன் ஒன்று: நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தீர்களா என்று நாகேந்திரன் உங்களைத்தான் முதலில் கேட்பார்.